பழைய சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்குப் பலகை: புத்தகத் தட்டு அடிக்க எந்த டிரில் பிட்?

இரண்டாம்கட்டு (கண்டனூர்)

எல்லாருக்கும் வணக்கம். கண்டனூரில் பாட்டையா காலத்து வீடு. வளவை (உள்முற்றத்தை) ஒட்டின உள்ளறையில் அப்பச்சி சேர்த்த புத்தகங்கள் இரும்புப் பெட்டியிலும் தரையிலுமாகக் கிடக்கின்றன. இந்த மழையில் அடியில் இருந்த கட்டு ஒன்றில் செல்லு ஏறிவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது. ஆறடி நீளத்தில் நாலு தட்டு, நானே அடிப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

கையில் 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) வைத்த ஹேமர் டிரில் இருக்கிறது. கூடவே ஒரு பெட்டி நிறைய பிட். வெள்ளியாக மின்னும் முறுக்குப் பிட் சில, நுனி மட்டும் தடித்துச் சாம்பல் நிறத்தில் சில, நடுவில் கூர்முள் வைத்தவை சில, சப்பைத் தகடாக ஒன்று, வட்டத் தலையோடு ஒன்று. எது எதற்கு என்று பெட்டியில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

பரணில் பழைய தேக்குப் பலகைகள் இருக்கின்றன. போதாததற்கு 18 மி.மீ. பிளைவுட் வாங்க வேண்டும். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம், வழவழப்பான வெள்ளைப் பூச்சு. அதில் ஒரு சில்லு பெயர்ந்தாலும் ஆத்தாவுக்கு மனசு ஆகாது, எனக்கும்தான்.

எந்த பிட்டை எங்கே போடுவது? அந்தச் சுவரில் துளை போடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை (தேவகோட்டை)

தங்கச்சி, முதலில் பெட்டியைப் பிரித்துவிடுவோம்.

வெள்ளி முறுக்குப் பிட் எச்.எஸ்.எஸ்., அதாவது ஹை ஸ்பீட் ஸ்டீல். இரும்புக்குப் பிறந்தது, மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகும். நுனியின் கோணம் 118 டிகிரி இருக்கும். 135 என்று போட்டிருந்தால் அது கடின இரும்புக்கு. சுவரில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் முனை மழுங்கிவிடும், அப்புறம் அது மரத்துக்கும் ஆகாது.

நுனி தடித்த சாம்பல் பிட் சுவருக்கு. அந்த நுனி டங்ஸ்டன் கார்பைடு, தனியாக வைத்துப் பற்றவைத்தது. உடம்பைவிட நுனி கொஞ்சம் அகலம் என்பதால்தான் தூள் பக்கவாட்டில் வெளியேறுகிறது. இதை மரத்தில் வைத்தால் வெட்டாது. பிய்த்து, கருக்கிப் புகை வரவைக்கும்.

நடுவில் கூர்முள் வைத்தது மரத்துக்கே உரிய பிட். முள் முதலில் இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஓரத்துப் பற்கள் நாரை வெட்டிவிட்டுத்தான் உள்ளே போகும். தட்டு அடிக்க அதிகம் வேண்டியது இதுதான்.

சப்பைத் தகடு, வயர் குழாய் நுழைக்கிற மாதிரி பெரிய துளைக்கு. வேகமாகப் போடும், ஓரம் கரடுமுரடாக இருக்கும். வட்டத் தலை வைத்தது ஃபோர்ஸ்ட்னர். பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் என்கிற அமெரிக்கத் துப்பாக்கித் தச்சர் 1874-ல் காப்புரிமை வாங்கியது. அடி தட்டையாக, ஓரம் கத்தி வைத்த மாதிரி துளை விழும். உங்கள் பெட்டியில் இருப்பது 35 மி.மீ. என்றால் அலமாரிக் கதவுக்கு ஆட்டோ ஹிஞ்ச் (கீல்) பதிக்க. திறந்த தட்டுக்கு அது தேவைப்படாது.

பிளைவுட் இன்னும் வாங்கவில்லையே? ஐ.எஸ். 303 (இந்தியத் தர எண்) முத்திரையில் எம்.ஆர். (மாய்ஸ்ச்சர் ரெசிஸ்டன்ட்) என்று இருப்பது ஈரத்தைக் கொஞ்சம்தான் தாங்கும். செல்லு வரும் அறை என்பதால் ஐ.எஸ். 710, அதாவது மரைன் பிளைவுட் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பணம் கூடும், ஆனால் திரும்ப ஒரு தடவை அடிக்க வேண்டிவராது.

செக்காலை_ஹார்டுவேர் (காரைக்குடி)

ஆச்சி, அளவு விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் தினமும் பார்க்கிறேன்.

ஆசாரிகள் நூல் கணக்கில் கேட்பார்கள். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். இரண்டு நூல் பிட் என்றால் கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. சுவர்த் துளைக்குள் வைத்து ஸ்க்ரூ ஏற்றுகிற பிளக் மட்டும் மில்லிமீட்டரில் வரும். இரண்டு நூல் பிட்டில் துளை போட்டு 6 மி.மீ. பிளக் வைத்தால் லேசாகச் சுழலும். கெட்டிச் சுவரில் ஸ்க்ரூ ஏற ஏறப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சுவரில் பிடிக்காது, ஸ்க்ரூவோடு சேர்ந்து பிளக்கும் சுற்றும். பிளக்கின் தலையில் 6 என்று இருந்தால் பிட்டின் காம்பிலும் 6 என்றே இருக்க வேண்டும். தேய்ந்து தெரியாவிட்டால் கேட்டு அளந்து வாங்குங்கள், எந்தக் கடையிலும் காலிப்பர் வைத்திருப்பார்கள்.

6 பிளக்குக்கு 3.5 முதல் 5 மி.மீ. வரை ஸ்க்ரூ போகும். 8 பிளக்குக்கு 4.5 முதல் 6 வரை. துளை பிளக்கின் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் ஆழமாக இருக்கட்டும். தூள் அடியில் தங்கினால் பிளக் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

சுதைவேலை (கானாடுகாத்தான்)

பழைய வீடுகளின் பூச்சு வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளும்.

உங்கள் சுவரில் இருப்பது சிமெண்ட் பூச்சு இல்லை. மணல் கலந்த சுண்ணாம்பு அடியில், அதற்கு மேல் மேலும் மேலும் நைசாக அரைத்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த வழவழப்பு அது. மேல் அடுக்கு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துக் கல்லாகவே ஆகியிருக்கும். அடி அடுக்கு அவ்வளவு கெட்டியில்லை. மேலே கெட்டி, கீழே மென்மை என்கிற இந்த அமைப்பில் டிரில்லின் ஹேமர் முறையைப் போட்டால் துளை விழுவதற்கு முன்னால் அடுக்கு அடுக்கை விட்டு விலகும். வெளியே ஒன்றும் தெரியாது. விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் மட்டும் பொள்ளென்று சத்தம் வரும். கொஞ்ச காலத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும்.

பெயர்ந்த இடத்தில் சிமெண்டோ கடைப் புட்டியோ வைத்து அடைப்பதைப் பார்க்கிறபோதெல்லாம் வயிறு எரிகிறது. சிமெண்ட் சுவரின் மூச்சை அடைத்துவிடும். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சையும் உப்பவைத்துத் தள்ளும். சுண்ணாம்பில் விழுந்த குழியைச் சுண்ணாம்பால்தான் அடைக்க வேண்டும். அப்போதும் பழைய மினுக்கு அப்படியே வராது.

தவிர்க்க முடியாமல் துளை போட வேண்டியிருந்தால் ஹேமரை அணைத்து, வெறும் சுழற்சியில் போடுங்கள். போட வேண்டிய இடத்தில் பேப்பர் டேப் ஒட்டி, 4 மி.மீ. கார்பைடு பிட்டால் மெதுவாக வழி எடுத்து, பிறகு 6-க்குப் போங்கள். விழுகிற தூளைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். முதலில் வெள்ளைத் தூள் வரும், பூச்சைத் தாண்டியதும் சிவப்பு வந்தால் செங்கல். வெள்ளையோ மங்கலான மணலோ தொடர்ந்து வந்தால் நீங்கள் இரண்டு செங்கலுக்கு நடுவே சாந்தில் இருக்கிறீர்கள், அந்த இடம் பிளக்கைப் பிடிக்காது. நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் செங்கல் கனம் குறைவு, அதனால் சாந்து அடிக்கடி மாட்டும். பிளக் முழுவதும் செங்கலுக்குள் இருக்க வேண்டும், பூச்சுக்குள் இருக்கும் பகுதியை நம்பவே கூடாது.

முகப்பில் ஜப்பான் பூப்போட்ட ஓடு பதித்த வீடாக இருந்தால் அந்தப் பக்கம் டிரில்லையே கொண்டுபோகாதீர்கள்.

புதுவயல்_வாசி

நான் எங்கள் வீட்டில் ஹேமர் போட்டே 8 மி.மீ. துளை போட்டு டி.வி. மாட்டியிருக்கிறேன். வீடு எண்பது வருஷத்துக்கு மேல் பழையது. ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் பயமுறுத்த வேண்டாமே.

சுதைவேலை (கானாடுகாத்தான்)

ஆகாமல் இருந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். துளையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு விரலால் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சத்தம் என்றால் உங்கள் பூச்சு நல்லபடியாகப் பிடித்திருக்கிறது. அல்லது அந்தச் சுவர் பின்னாளில் சிமெண்ட் பூசப்பட்டதாக இருக்கலாம், நிறைய வீட்டில் இரண்டாம் கட்டிலும் அடுப்படியிலும் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

சாதாரண ஹேமர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கித்தான் அடி விழுகிறது. ஒவ்வொரு அடியும் சின்னது, ஆனால் நிமிஷத்துக்குப் பத்தாயிரக்கணக்கில் விழும். கான்கிரீட்டில் கல்லைப் பொடியாக்க அது வேண்டும். சுண்ணாம்பும் பழைய செங்கலும் வெறும் சுழற்சிக்கே வழிவிடுகிறபோது அந்த அதிர்வு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

பாரக்கணக்கு (காரைக்குடி)

பிட்டுக்குப் போகும் முன் எடையைக் கொஞ்சம் பார்த்துவிடலாமே. மூன்றடி நீளத் தட்டில் புத்தகம் நெருக்கி வைத்தால் ஏறத்தாழ 30 கிலோ வரும், கனமான அட்டைப் புத்தகம் என்றால் இன்னும் கூட. கண்டனூர் ஆச்சி கேட்பது ஆறடியில் நாலு தட்டு. அதாவது மூன்றடித் தட்டு எட்டு, 240 கிலோ.

ஒரு மூன்றடித் தட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். புத்தகத்தின் எடை சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி நிற்கிறது. தட்டைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டின் உயரம் 20 செ.மீ. என்றால் மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்க இழுக்கும் விசை 30 பெருக்கல் 15 வகுத்தல் 20, அதாவது 22.5 கிலோ. பிராக்கெட் உயரத்தை 30 செ.மீ. ஆக்கினால் இது 15 கிலோவாகக் குறையும். கான்கிரீட்டில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எது செங்கல், எது சாந்து என்றே தெரியாத சுவரில், வருஷக்கணக்கில், இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கும் விசை இது.

என் கருத்து: இந்தச் சுவரில் தொங்கவிடாதீர்கள். தரையில் நிற்கிற அலமாரியாக அடியுங்கள். எடை முழுவதும் கால் வழியாகத் தரைக்குப் போய்விடும், சுவருக்கு மிஞ்சுவது அலமாரி முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்கிற வேலை மட்டும்.

இரண்டாம்கட்டு (கண்டனூர்)

மிக்க நன்றி. 240 கிலோ என்று படித்ததும் மனம் மாறிவிட்டது. நிற்கிற அலமாரிதான்.

சுவரைத் தட்டிப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குக் கீழே இரண்டு இடத்தில் பொள்ளென்றுதான் கேட்கிறது. மேலே நன்றாக இருக்கிறது. ஒன்று கவனித்தேன்: தலைக்கு மேல் ஏழடி உயரத்தில் பழைய படங்கள் மாட்டிய இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மரம் தெரிகிறது. சாய்வுப் பிடிப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாமா?

சுதைவேலை (கானாடுகாத்தான்)

அருமை. அது கட்டும்போதோ கொஞ்சம் பின்னாலோ சுவரில் இறக்கின மரக்கட்டை. பிளாஸ்டிக் பிளக் வருவதற்கு முன் எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். நாம் இன்று பயன்படுத்தும் நைலான் பிளக்கை ஜெர்மனியில் ஆர்டூர் ஃபிஷர் 1958-ல்தான் உருவாக்கினார். உங்கள் படங்கள் அதற்கு முன்பே மாட்டப்பட்டிருக்கும்.

ஒரு ஊசியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்த கட்டை, விட்டுவிடுங்கள். ஊசி இறங்காமல், கொக்கியைப் பிடித்து அழுத்தி இழுத்தும் அசையாமல் இருந்தால் அந்தக் கட்டை போதும். ஆக இந்தச் சுவரில் உங்களுக்கு வேண்டியது சுவர் பிட் இல்லை, 2.5 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட். பழைய கொக்கியின் துளைக்கு ஒரு விரல் தள்ளி, கட்டையின் நடுப்பக்கம் பார்த்துப் போடுங்கள். பூச்சைத் தொடவே வேண்டாம்.

தச்சுப்பட்டறை (தேவகோட்டை)

நிற்கிற அலமாரி என்றால் இனி முழுக்க மர வேலை. நிதானமாகப் படியுங்கள் தங்கச்சி, துளை சரியாக இருந்தால் மீதி வேலை தானாக வரும்.

ஆறடியை ஒரே பலகையில் தாண்ட வேண்டாம். நடுவில் ஒரு நிலைப்பலகை, இருபக்கமும் மூன்றடிக்குள். 18 மி.மீ. பிளைவுட் மூன்றடியில் புத்தகம் ஏற்றினால் நாளாவட்டத்தில் தொய்யும். முன் விளிம்பில் ஒன்றரை இஞ்ச் தேக்கு ரீப்பர் ஒட்டி ஸ்க்ரூ போட்டால் தொய்வு நிற்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

பரண் பலகையை எடுத்ததும் முதல் வேலை, ஒரு காந்தத்தை அதன் மேல் இழுத்துப் பார்ப்பது. பழைய மரத்தில் தலை ஒடிந்த ஆணி உள்ளே இருக்கும். கூர்முள் பிட் அதில் பட்டால் அன்றோடு முடிந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கதவு, உத்தரம் வாங்கி அறுக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

தேக்குக்குள் சிலிகா உண்டு. மணலில் இருக்கிற அதே பொருள். அதனால் பிட் சீக்கிரம் மழுங்கும். தூள் சுருள் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது. மாவாக வந்து கருகின வாடை அடித்தால் மழுங்கிவிட்டது என்று பொருள், அமுக்கிப் பயனில்லை. அரை இஞ்ச் இறங்கினதும் பிட்டை வெளியே இழுத்துத் தூளை உதறிவிட்டுத் திரும்பப் போங்கள். சின்னப் பிட்டுக்கு வேகம் கூட்டலாம், பெரிய பிட்டுக்குக் குறைக்க வேண்டும். 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னரை நிமிஷத்துக்கு 500 சுற்றுக்கு மேல் விடாதீர்கள்.

இப்போது ஸ்க்ரூ. இரண்டு பலகையை இணைக்கும்போது இரண்டிலும் ஒரே துளை போடக்கூடாது. எட்டாம் நம்பர் ஸ்க்ரூ ஏறத்தாழ 4.2 மி.மீ. கனம். வெளிப்பலகையில் 4.5 மி.மீ. துளை, ஸ்க்ரூ அதில் தடையில்லாமல் போய்வர வேண்டும். உள்பலகையில் தேக்கு என்றால் 3 மி.மீ., பிளைவுட்டின் விளிம்பு என்றால் 2.5. வெளிப்பலகையிலும் ஸ்க்ரூவின் மறை பிடித்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி நின்றுவிடும். எவ்வளவு முறுக்கினாலும் அது மூடாது. அலமாரி ஆடுகிறது என்று சொல்கிறார்களே, பாதி வீட்டில் காரணம் இதுதான்.

பிளைவுட் விளிம்பில் போடும்போது நடு அடுக்கில் நேராக இறங்க வேண்டும். பலகையின் மூலையிலிருந்து இரண்டு இஞ்சாவது தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுக்கு பிளக்கும். மூலைமட்டத்தைப் பலகைமேல் நிறுத்தி வைத்து, அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு டிரில்லை இறக்கினால் கோணல் வராது. மறுபக்கம் துளை வெளியேறும் இடத்தில் பழைய பலகைத் துண்டு ஒன்றைச் சேர்த்து அழுத்தி கிளாம்ப் போட்டுவிடுங்கள், வெனீர் பிய்யாது.

தேக்குக்கு நான் பித்தளை ஸ்க்ரூதான் போடுவேன். இரும்பு கொஞ்ச நாளில் மரத்தில் கறுப்புக் கறை விடும். பித்தளை மென்மை, தேக்கில் நேரே முறுக்கினால் தலை ஒடிந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருதரம் ஏற்றி இறக்கி மறை வெட்டிவிட்டு, பித்தளையை மெழுகுவர்த்தியில் தேய்த்து, கையால் திருப்பி ஏற்றுங்கள். சோப்பு தேய்க்காதீர்கள், அது ஈரத்தை இழுக்கும்.

இன்னொன்று. அடித்தட்டு தரையிலிருந்து ஆறு இஞ்ச் உயரத்தில் இருக்கட்டும், முதுகுப்பக்கம் சுவரிலிருந்து ஒரு இஞ்ச் விலகட்டும். செல்லு மண்பாதை கட்டி ஏறினால் கண்ணில் படும், துடைத்துவிடலாம். ஆத்தங்குடிப் பூ ஓடு பதித்த தரை என்றால் காலுக்கு ரப்பர் வையுங்கள், ஆணி அடித்து நிறுத்துகிற எண்ணமே வேண்டாம். தரை மட்டம் சரியாக இருக்காது, ரசமட்டம் வைத்துப் பார்த்துக் காலுக்குக் கீழே சக்கை கொடுங்கள்.

நூறடிரோடு_மாடிவீடு (காரைக்குடி)

இதே இழையில் கேட்டுவிடுகிறேன் அண்ணே. எங்களுடையது புது வீடு. சமையலறையில் வழவழப்பான விட்ரிஃபைடு டைல், அதன் பின்னால் இலேசான வெள்ளைக் கல், ஏ.ஏ.சி. பிளாக் என்றார்கள். டைலில் மசாலா டப்பா வைக்கச் சின்னத் தட்டு மாட்டணும். கார்பைடு பிட் டைலில் வழுக்கிக்கொண்டே போகிறது.

செக்காலை_ஹார்டுவேர் (காரைக்குடி)

விட்ரிஃபைடு டைலுக்கு வைரத்தூள் பதித்த குழாய் பிட் வேண்டும். அது நடுவில் முனை இல்லாதது, அதனால் நேரே வைத்தால் வழுக்கும். ஓட்டை போட்ட மரத்துண்டு ஒன்றை டைல்மேல் அழுத்திப் பிடித்து அதற்குள் விட்டால் இடம் மாறாது. ஹேமர் அணைந்திருக்க வேண்டும், வேகம் குறைவு, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்துக்கொண்டே போடுங்கள். தண்ணீர் அடிக்கிற இடம் என்பதால் மெஷினுக்குள் சொட்டாமல் கீழே துணி கட்டுங்கள், ஷாக் வாங்க வேண்டாம்.

டைலைத் தாண்டியதும் ஏ.ஏ.சி. பிளாக் வெண்ணெய்போல் இறங்கும், அதிலும் ஹேமர் வேண்டாம். சாதாரண பிளக் அதில் பிடிக்காது. ஏ.ஏ.சி.க்கென்றே அகல மறை வைத்த பிளக் வருகிறது, அதைக் கேளுங்கள். துளையை பிளக் பெட்டியில் போட்டிருக்கிற அளவுக்கே போடுங்கள், ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் கழன்றுவிடும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும், குழாய்க்கு நேர் மேலும் துளை போடவே கூடாது. புது வீட்டில் வயர் எல்லாம் சுவருக்குள்தான் ஓடுகிறது.

சிங்கை_தேவகோட்டை

இங்கே அடுக்குமாடியில் கான்கிரீட் சுவர். சாதாரண ஹேமர் டிரில்லில் கால் மணி நேரம் அமுக்கியும் அரை இஞ்ச்தான் போனது. எஸ்.டி.எஸ். காம்பு வைத்த ரோட்டரி ஹேமர் வாடகைக்கு எடுத்தேன், எளிதாகப் போய்விட்டது. ஊருக்கு வரும்போது அந்த எஸ்.டி.எஸ். பிட்டைக் கொண்டுவந்து அங்கே இருக்கும் 13 மி.மீ. சக்கில் போடலாமா?

தச்சுப்பட்டறை (தேவகோட்டை)

போடாதீங்க தம்பி. எஸ்.டி.எஸ். காம்பில் பள்ளம் வெட்டியிருக்கும், மூன்று தாடைச் சக் அதைச் சரியாகப் பிடிக்காது, பிட் ஆடும். உங்கள் ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் ஒன்று காற்றை அமுக்கி அடிக்கிறது, அதனால்தான் கையை அமுக்காமலே கான்கிரீட் வழிவிட்டது. நம் ஊரில் லிண்டலிலும் தூணிலும் துளை போட அது உதவும். சுண்ணாம்புச் சுவருக்கு அது ரொம்ப முரடு. கான்கிரீட்டில் இறங்கும்போது பிட் திடீரென்று நின்று உலோகச் சத்தம் வந்தால் கம்பி. அமுக்காமல் இரண்டு இஞ்ச் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாம்கட்டு (கண்டனூர்)

நிலைப்பலகை மூன்றும் அறுத்தாயிற்று. காந்தம் வைத்ததில் ஒரு பலகையில் மூன்று ஆணி மாட்டியது, எடுத்துவிட்டேன். இரண்டு சந்தேகம். தட்டின் உயரத்தை மாற்றிக்கொள்ள, தட்டைத் தாங்குகிற 5 மி.மீ. பின் வைக்கலாம் என்று நினைக்கிறேன், பெரிய அட்டைப் புத்தகங்களும் இருக்கின்றன. துளைகள் ஒரே கோட்டில் வர என்ன செய்வது? பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகாமல் எப்படி நிறுத்துவது?

தச்சுப்பட்டறை (தேவகோட்டை)

மாடுலர் கிச்சன்காரர்கள் முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ., துளைக்குத் துளை 32 மி.மீ. என்ற கணக்கில் போடுகிறார்கள். அந்த அளவையே வைத்துக்கொண்டால் நாளைக்குக் கடைச் சாமான் எது வாங்கினாலும் பொருந்தும்.

முதலில் ஒரு 12 மி.மீ. பிளைவுட் துண்டில் அளந்து 5 மி.மீ. துளை வரிசை ஒன்று போடுங்கள். அதுதான் அச்சு. ஒவ்வொரு நிலைப்பலகையிலும் அதை வைத்து கிளாம்ப் போட்டு, அச்சின் வழியாகவே துளை போடுங்கள். அச்சின் அடி எது, மேல் எது என்று பென்சிலில் எழுதிவிட வேண்டும், தலைகீழாக வைத்தால் தட்டு சாயும். முதல் துளை போட்டதும் அதில் ஒரு பின்னைச் செருகிவிட்டால் அச்சு நகராது.

ஆழத்துக்கு: 18 மி.மீ. பலகையில் 11 மி.மீ. போதும். அச்சின் 12 மி.மீ.யும் சேர்த்து பிட் நுனியிலிருந்து 23 மி.மீ. அளந்து, அந்த இடத்தில் ஸ்டாப் காலர் (பிட்டைத் தடுத்து நிறுத்தும் வளையம்) மாட்டுங்கள். கூர்முள் பிட் என்றால் முள்ளையும் சேர்த்து அளக்க வேண்டும், முள் மறுபக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. காலர் இல்லாவிட்டால் டேப்பைக் கொடி மாதிரி விட்டுச் சுற்றுங்கள், டேப் தூளைத் துடைக்க ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டியதுதான். நடு நிலைப்பலகையில் இருபக்கமும் துளை வருமே, அதில் ஒரு பக்கத்து வரிசையை 16 மி.மீ. முன்னால் நகர்த்திவிடுங்கள். நேருக்கு நேர் வந்தால் இரண்டு துளையும் ஒன்றாகிவிடும்.

புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுத் தொடங்குங்கள். கையுறை வேண்டாம், சுற்றுகிற பிட் நூலைப் பிடித்தால் விரலையும் இழுக்கும்.

புதுவயல்_வாசி

சுதைவேலை ஐயா, சொன்னபடி டி.வி. பக்கம் தட்டிப் பார்த்தேன். இடது துளையைச் சுற்றி மட்டும் சத்தம் வேறு. இப்போது என்ன செய்வது?

சுதைவேலை (கானாடுகாத்தான்)

முதலில் டி.வி.யை இறக்கிக் கீழே மேசையில் வையுங்கள். சத்தம் மாறுகிற எல்லையைப் பென்சிலால் வட்டமிட்டு, ஒரு மாதம் கழித்துத் திரும்பத் தட்டுங்கள். வட்டம் பெரிதாகாவிட்டால் பிளக்கைக் கழற்றி, துளையை நனைத்து, ஊறின சுண்ணாம்புச் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தினால் போதும். ஒவ்வொரு தடவையும் காய விட்டு அடுத்தது. பெரிதாகிக்கொண்டே போனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், சிமெண்ட் ஆளை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம்கட்டு (கண்டனூர்)

நாளைக்கு அச்சுப் பலகை போடுகிறேன். 5 மி.மீ. கூர்முள் பிட் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, தூள் மாவாகத்தான் வருகிறது. சாணை பிடித்துக்கொள்ளலாமா, புதிதாக வாங்கவா?

செக்காலை_ஹார்டுவேர் (காரைக்குடி)

கூர்முள் பிட்டைச் சாணையில் வைத்தால் முள் போய்விடும் ஆச்சி. மெல்லிய அரம் இருந்தால் ஓரத்துப் பல்லை உள்பக்கமாக இரண்டு இழுப்பு இழுங்கள், வெளிப்பக்கம் அரம் படக்கூடாது, பட்டால் துளை சின்னதாகிவிடும். எச்.எஸ்.எஸ். முறுக்குப் பிட்டைச் சாணை பிடிக்கலாம், இரண்டு உதடும் ஒரே நீளத்தில் இருந்தால் சரி. சுவர் பிட் சூடாகச் சிவந்தால் தண்ணீரில் முக்காதீர்கள், கார்பைடு வெடித்துவிடும். பின் துளை நூற்றுக்கு மேல் போடப் போகிறீர்கள் என்றால் புதுசே வாங்கிவிடுங்கள், 5 மி.மீ.யில் இரண்டாக. ஒரு பின்னையும் கையோடு கொண்டுவாங்க. கடையிலேயே ஒரு துண்டில் போட்டு, பின் உட்காருகிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.